பாட்டினுள் நாடகம்: எதல் வாட்டர்ஸ் அம்மையாரின் கலை

இயலும் இசையும் நாடகமும் ஒன்றோடொன்று உறவுடையன என்பது நமக்குப் பழகிப்போன கருத்து. ஆயினும் ஒரு கலைஞரின் வாழ்க்கையை ஆராயப் புகும்போது இவ்வுறவை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். பாடகர் ஒருவர் நடிக்கவும் செய்தாராயின், பாட்டினாற் புகழ் பெற்று அப்புகழைத் துணைக்கொண்டு மேடை ஏறினார் என்று கூறி அமைகிறோம். பாட்டு ஒரு வாழ்க்கை, நடிப்பு வேறொரு வாழ்க்கை என்று பகுத்துவைத்து, இரண்டையும் தனித்தனியே நிறுத்துப் பார்க்கிறோம்.

ஐக்கிய அமெரிக்காவின் கறுப்பினக் கலைஞருள் ஒருவராகிய எதல் வாட்டர்ஸ் அம்மையாரும் (1896–1977) இத்தகைய பகுப்புக்கு உள்ளானவரே. புளூஸ் இசையை விரும்புவோர் 1920ஆம் ஆண்டுகளில் அவர் பாடிய இசைத்தட்டுக்களைப் போற்றுவர். ஆனால், அவர் புளூஸ் நெறியினின்று விலகிச் சென்றுவிட்டார் என்று குறையுங் கூறுவர். நாடகத்தை விரும்புவோர் 1939ஆம், 1950ஆம் ஆண்டுகளில் அவர் ஏற்ற பாத்திரங்களைப் போற்றுவர். பாட்டு அவருக்கு இளமைத் தொழிலாக இருந்தது என்று மட்டும் குறிப்பர். இவ்விரு சாராரும் ஒன்றைக் காணத் தவறினர் என்பதே இக்கட்டுரையின் கருத்து. எதல் வாட்டர்ஸ் பாட்டை விட்டு நடிப்புக்குச் சென்றவர் அல்லர். அவர் முதன்முதற் பாடத் தொடங்கிய நாள் தொட்டே பாட்டினுள் நடித்தவர். பிற்காலத்தில் நடிப்பினுட் பாடியவர். அவருடைய கலை ஒன்றே. அதனை ஒன்றாகக் காணும்போதுதான் அவர் ஏற்ற பாத்திரங்களைப் பற்றி எழுப்பப்படும் கடுமையான வினாவுக்கும் நேர்மையான விடை காணல் இயலும்.

புளூஸ் என்பது யாது என்பதை முதற்கண் நோக்குவோம். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் அடிமை வாழ்வினின்று 1865ஆம் ஆண்டில் விடுதலை பெற்ற மக்களிடையே, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் உருப்பெற்ற பாட்டு வகை அஃது. வயலில் வேலை செய்வோர் பாடிய பாட்டுக்களும், தனித்து நின்று கூவிய குரல்களும், தேவாலயத்திற் கேட்ட பாட்டுக்களும் அதன் வேர்களாம். அதன் யாப்பு எளிது. முதலடி ஒரு துயரைக் கூறும். இரண்டாமடி அதனையே மீட்டும் கூறும். மூன்றாமடி அதற்கு ஒரு முடிபையோ நகைப்பையோ தந்து நிறைவுறும். யாப்பு எளிதாயினும் பாடுதல் எளிதன்று. சொன்ன அடியையே மறுமுறை சொல்லும்போது அது வேறொரு பொருள் தந்தாலன்றிக் கேட்போர் உள்ளம் அசையாது. மேலும், புளூஸ் பாட்டில் வரும் 'நான்' என்னும் சொல்லுக்குப் பாடுபவரே பொருளாகிறார். கைவிடப்பட்டவளும், வீட்டு வாடகை கொடுக்க வழியற்றவளும், ஊரைவிட்டுப் போகின்றவளும் பாடுபவளே. ஆகவே புளூஸ் பாடுதல் ஒருவகைப் பாத்திரம் ஏற்றலே எனலாம்.

அழுகை என்னும் மெய்ப்பாட்டுக்குத் தொல்காப்பியர் இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்கு நிலைக்களன்களைக் கூறினார். பிறரால் இகழப்படுதல், உற்றதை இழத்தல், முன்னைய நிலையினின்று தாழ்தல், துய்க்கப் பொருளின்மை என்று இவற்றை விளக்கிக் கொள்ளலாம். இந்நான்கனுள் அடங்காத துயரொன்றைப் புளூஸ் பாட்டுக்களிற் காண்பது அரிது. தமிழிலக்கணத்துக்கும் தொலைநாட்டுப் பாட்டொன்றுக்கும் தொடர்பு காட்டுதல் நம் நோக்கமன்று. மனிதர் அழுவதற்குரிய காரணங்கள் எங்கும் ஏறக்குறைய ஒன்றே என்பதையும், நல்ல அளவுகோல் ஒன்று பிறநாட்டுக் கலையை அறியவும் பயன்படும் என்பதையுமே ஈண்டுக் குறிக்கிறோம்.

எதல் வாட்டர்ஸ் 1896ஆம் ஆண்டு ஒக்டோபர் 31ஆம் நாள் பென்சில்வேனியா மாநிலத்துச் செஸ்ரர் நகரிற் பிறந்தார். வன்செயலால் தாய்மையுற்ற சிறுமி ஒருத்தியின் மகள் அவர். பிறர் வீடுகளிற் பணிசெய்து வாழ்ந்த பாட்டியாரே அவரை வளர்த்தார். நிலையான வீடு ஒன்று அவருக்கு வாய்க்கவில்லை. பதின்மூன்று வயதில் மணம் செய்துவைக்கப்பட்டு, விரைவில் அம்மணவாழ்வை விட்டு நீங்கினார். பின் பிலடெல்பியா நகரத்து விடுதி ஒன்றில் வாரத்துக்கு 4 டொலர் 75 சதம் ஊதியத்திற்கு அறை துடைக்கும் பணியில் அமர்ந்தார். இளிவையும் வறுமையையும் அவர் எவரிடமும் கேட்டு அறியவேண்டிய தேவை இருக்கவில்லை. இவ்வரலாற்றை அவரே 1951ஆம் ஆண்டில் வெளியான தம் வாழ்க்கை நூலில் ஒளிவுமறைவின்றிக் கூறியுள்ளார். துன்பம் அனுபவித்தவர் எல்லாரும் கலைஞராவதில்லை; ஆகவே இத்துன்பங்களே அவரைப் பாடகராக்கின என்று கூறுதல் பொருந்தாது. தாம் பட்ட துன்பத்தைச் சற்றே விலகி நின்று நோக்கி, அதற்கு உருக் கொடுக்கும் ஆற்றல் அவரிடம் இருந்தது என்பதே நாம் கருதத்தக்கது.

1913ஆம் ஆண்டில், தம் பதினேழாம் பிறந்தநாளன்று, பிலடெல்பியாவில் நடந்த மாறுவேடக் கேளிக்கை ஒன்றில் அவர் பாடினார். அதன் பயனாகப் பால்ரிமோர் நகரத்து அரங்கு ஒன்றிற் பாடும் தொழில் கிடைத்தது. நெடிய மெல்லிய தோற்றம் உடையவராதலின், பயிற்றங்காய் என்னும் பொருள்படும் பட்டப்பெயரால் மேடையில் அறிமுகப்படுத்தப்பட்டார். டபிள்யூ. சி. ஹண்டி 1914ஆம் ஆண்டில் வெளியிட்ட 'சென் லூயிஸ் புளூஸ்' என்னும் பாட்டை உரிய இசைவு பெற்று மேடையிற் பாடிய முதற் பெண்மணி தாமே என்று அவர் கூறுவர்.

அக்காலத்து நிகழ்ச்சி ஒன்று அவருடைய கலையின் போக்கை அறிய உதவுவது. அத்லாந்தா நகரில் ஒரே அரங்கில் அவரும் பெசி சிமித் அம்மையாரும் பாட நேர்ந்தது. பின்னாளிற் புளூஸ் இசையின் பேரரசி எனப் போற்றப்பட்ட பெசி சிமித், தாம் பாடும் மேடையில் வேறொருவர் புளூஸ் பாடுதல் ஆகாது என்று வற்புறுத்தினார். எதல் வாட்டர்ஸ் அதற்கு இணங்கி வேறு வகைப் பாட்டுக்களைப் பாடினார். வெளிப்பார்வைக்கு இது தோல்விபோலத் தோன்றும். ஆயினும் இருவர் குரலையும் இசைத்தட்டுக்களில் ஒப்பிட்டுக் கேட்போர் இதன் உண்மையை உணர்வர். பெசி சிமித்தின் குரல் மலையருவி போன்றது. சொல்லை அடித்துக்கொண்டு செல்வது. துயரே அங்கு பாடுகிறது. எதல் வாட்டர்ஸின் குரல் அத்துணை வலிமை உடையதன்று. ஒவ்வோர் எழுத்தும் தெளிவாய் ஒலிக்க, ஒவ்வொரு சொல்லும் தன் பொருளைத் தாங்கி வர, துயருற்ற பெண் ஒருத்தி நம்மோடு பேசுவதுபோல அவர் பாடுவார். முன்னவரிடம் உணர்ச்சியின் பெருக்கைக் காண்கிறோம்; பின்னவரிடம் ஒரு பெண்ணின் குணத்தைக் காண்கிறோம். உணர்ச்சியைக் குணத்தின் வழியே காட்டுதல் நாடகத்தின் நெறியன்றோ?

கறுப்பினத்தவரான ஹரி பேஸ் என்பவர் நடத்திய 'பிளாக் சுவான்' என்னும் இசைத்தட்டு நிறுவனத்துக்காக அவர் 1921ஆம் ஆண்டிற் பாடிய 'டவுன் ஹோம் புளூஸ்' மிக்க விற்பனை பெற்றது. அந்நிறுவனத்தின் சார்பில் அவரோடு ஊர்தோறும் சென்ற பியானோக் கலைஞர் பிளெச்சர் ஹென்டர்சன் கல்லூரிக் கல்வி பெற்றவர், ஏட்டிசையில் வல்லவர், புளூஸ் பாட்டின் நடை அவருக்குப் புதிது. ஜேம்ஸ் பி. ஜோன்சன் வாசித்த பியானோச் சுருள்களைக் கேட்டுக் கேட்டு அந்நடையைப் பயிலுமாறு அவரைத் தாம் தூண்டியதாக அம்மையார் தம் நூலிற் கூறுகிறார். முறையான இசைக்கல்வி பெறாத அவருக்குப் பாட்டின் நடை பற்றிய தெளிந்த கோட்பாடு இருந்தது என்பதற்கு இஃது ஒரு சான்று.

பாட்டினுள் நாடகம் நிகழ்த்தும் அவருடைய ஆற்றலுக்கு நேரான சான்றுகளும் உள. 1925ஆம் ஆண்டிற் கொலம்பியா நிறுவனத்துக்காகப் பதிவுசெய்த ஒரு பாட்டில், அதே அடிகளைப் பெசி சிமித் பாடினால் எவ்வாறிருக்கும், கிளாரா சிமித் பாடினால் எவ்வாறிருக்கும் என்று அவ்விருவர் குரலையும் தாமே பாடிக் காட்டுகிறார். 1932ஆம் ஆண்டில் டியூக் எலிங்டன் குழுவினரோடு பாடிய இசைத்தட்டில் லூயி ஆம்ஸ்ரோங் பாடும் முறையை அவ்வாறே காட்டுகிறார். இவற்றை வெறும் விளையாட்டு என்று ஒதுக்குதல் கூடாது. ஒரு பாட்டு என்பது சுரங்களின் தொகுதி மட்டுமன்று, அதைப் பாடும் ஆளின் தன்மையும் அதனுள் அடங்கும் என்பதை அவர் அறிந்திருந்தார். பிறரைப் போலச் செய்யவல்ல நடிகரே தம்முடைய தனித்தன்மை யாது என்பதையும் அறிவார்.

1933ஆம் ஆண்டு அவர் வாழ்வில் ஒரு திருப்பமாகும். கறுப்பினத்தவர் ஆடிப் பாட, வெள்ளையினத்தவர் மட்டுமே அமர்ந்து கேட்கும் வழக்கமுடைய ஹார்லெம் பகுதியின் 'கொட்டன் கிளப்' என்னும் அரங்கில் 'ஸ்ரோமி வெதர்' என்னும் பாட்டை அவர் பாடினார். அதனைக் கேட்ட இசையமைப்பாளர் ஏர்விங் பேர்லின், தம்முடைய 'ஆஸ் தௌசண்ட்ஸ் சியர்' என்னும் புறோட்வே இசைநாடகத்தில் அவரைச் சேர்த்துக்கொண்டார். ஏனைய முதன்மை நடிகர் அனைவரும் வெள்ளையினத்தவராய் இருந்த நிகழ்ச்சி அது. நாளிதழ்த் தலைப்புக்களைக் காட்சிகளாக்கும் அமைப்பை உடைய அந்நாடகத்தில், நகையும் கேலியுமான காட்சிகளுக்கு நடுவே ஒரு தலைப்புத் தோன்றும்: பெயர் அறியாத கறுப்பினத்தான் ஒருவனை வெறிகொண்ட கூட்டம் கொன்றது என்பது அதன் பொருள். அதனைத் தொடர்ந்து எதல் வாட்டர்ஸ் 'சப்பர் ரைம்' என்னும் பாட்டைப் பாடுவார்.

கொலையுண்டவனின் மனைவி மாலை உணவுக்கு மேசையை ஒழுங்கு செய்கிறாள். பிள்ளைகள் வருவர், தந்தை எங்கே என்று கேட்பர், அவர்களுக்கு என்ன விடை கூறுவது? பாட்டின் பொருள் இவ்வளவே. கொலை மேடையில் இல்லை. கொலைசெய்தோரைப் பழிக்கும் சொல்லும் இல்லை. நாள்தோறும் செய்யும் வீட்டுவேலை ஒன்றே உண்டு. அவ்வேலை அன்றும் நடந்தாக வேண்டும் என்பதே அவலத்தின் உச்சம். இழவினால் எழுந்த அழுகை இது. ஆயினும் பாடுபவர் கதறி அழுதால் பாட்டு வீழ்ந்துவிடும். பிள்ளைகள் முன் அழாதிருக்க முயலும் தாயாக நின்று அவர் பாடினார். அவ்வடக்கத்தினுள்ளே பெருமிதம் என்னும் மெய்ப்பாடும் தோன்றுகிறது. பெருமிதத்துக்குரிய நான்கனுள் தறுகண் ஒன்று. அஞ்சாமை என்பது அதன் பொருள். போர்க்களத்தில் மட்டுமன்றி உணவு மேசையின் முன்னும் அஃது உண்டு என்பதை இப்பாட்டு உணர்த்துகிறது. நகைத்துப் பொழுதுபோக்க வந்த அவையினர் முன் இதனைப் பாடி, அந்நாடகத்தின் 400 காட்சிகளிலும் அவர்களைக் கேட்கச் செய்தார். புளூஸ் நெறியினின்று அவர் விலகிவிட்டார் என்போர் இப்பாட்டை மீண்டும் கருதுவாராக. யாப்பு புளூஸ் யாப்பு அன்று. ஆனால் முதற் பொருள் புளூஸே.

இதன்பின் 1939ஆம் ஆண்டு ஜனவரியில் 'மாம்பாஸ் டோட்டர்ஸ்' என்னும் நாடகத்தில் ஹேகார் என்னும் தாயாக அவர் நடித்தார். மகளுக்குத் தீங்கிழைத்தவனைக் கொன்று தன்னுயிரையும் மாய்த்துக்கொள்ளும் பாத்திரம் அது. அப்பாத்திரத்திலே தம் தாயைக் கண்டதாக அவர் எழுதுகிறார். முதல்நாட் காட்சியைக் கண்ட 'நியூ யோர்க் ரைம்ஸ்' இதழின் திறனாய்வாளர் புறூக்ஸ் அட்கின்சன் அவருடைய நடிப்பைக் குறைத்து எழுதினார். அவ்வெழுத்தை ஏற்காத கலைஞரும் எழுத்தாளரும் சிலர், தம் கைப்பொருள் செலவிட்டு அதே இதழில் அவரைப் பாராட்டி விளம்பரம் வெளியிட்டனர். அட்கின்சன் மீண்டும் சென்று நாடகத்தைப் பார்த்துத் தம் கருத்தை மாற்றி எழுதினார். இந்நிகழ்ச்சி நடிகருக்கு மட்டுமன்றித் திறனாய்வாளருக்கும் பெருமை தருவது. பாடகி ஒருத்தி நடிக்க வந்தாள் என்ற நினைவோடு முதன்முறை பார்த்த கண்ணுக்குப் புலப்படாதது மறுமுறை புலப்பட்டிருத்தல் கூடும். முன்முடிபு எத்துணைக் கூரிய கண்ணையும் மறைக்கும் என்பதைத் திறனாய்வு பயிலும் மாணவர் நினைவிற் கொள்ளல் நன்று.

இனி, மேலே குறித்த கடுமையான வினாவுக்கு வருவோம். 1949ஆம் ஆண்டில் எலியா கசான் நெறிப்படுத்திய 'பிங்கி' என்னும் திரைப்படத்தில் அவர் ஆடை வெளுத்து வாழும் மூதாட்டியாக நடித்து ஒஸ்கார் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டார். கறுப்பினத்தவருள் அப்பரிந்துரை பெற்ற இரண்டாமவர் அவர். 1950ஆம் ஆண்டிற் கார்சன் மக்கலர்ஸ் எழுதிய 'த மெம்பர் ஒவ் த வெடிங்' நாடகத்திற் சமையற்காரியாக நடித்தார். அதே ஆண்டில் 'பியூலா' என்னும் தொலைக்காட்சித் தொடரில் வெள்ளையர் வீட்டுப் பணிப்பெண்ணாக நடித்தார். வெளுப்பவள், சமைப்பவள், பணிபுரிபவள் என்னும் இவ்வரிசையைக் கண்டு கறுப்பின மக்களுட் பலர் மனம் புழுங்கினர். தம் இனத்துப் பெண்ணுக்கு அடுக்களையன்றி வேறிடம் இல்லை என்னும் பொய்யை இப்பாத்திரங்கள் நிலைநாட்டவில்லையா என்று கேட்டனர்.

வினா நியாயமானது. அதனை எளிதில் தள்ளிவிட முடியாது. 'பியூலா' தொடரைப் பொறுத்தவரை குற்றச்சாட்டு உண்மையே என்று நாம் ஒப்புக்கொள்ளல் வேண்டும். அங்கே எழுத்தில் ஆழமில்லை. நடிகர் உயிர் ஊட்டுதற்கு இடமுமில்லை. அவரும் ஓராண்டளவில் அதனை விட்டு நீங்கினார். ஆனால், மக்கலர்ஸின் நாடகத்தை அதனோடு ஒருங்கு வைத்து எண்ணுதல் தவறு. பெரனிஸ் என்னும் அச்சமையற்காரி முதலில் அவருக்கு உவப்பான பாத்திரமாக இருக்கவில்லை. கடவுள் நம்பிக்கை அற்ற கசப்பு அதில் மிகுந்திருப்பதாகக் கருதினார். தம் மனம் உணர்ந்தவாறு அப்பாத்திரத்தை நடிக்க உரிமை பெற்ற பின்னரே இசைந்தார். நாடகத்தின் நடுவே அவள் பாடுதற்கு முதலிற் குறிக்கப்பட்டிருந்த பாட்டை நீக்கி, சிட்டுக்குருவியையும் இறைவன் காக்கிறான் என்னும் பொருளுடைய தேவாலயப் பாட்டை வைத்தார். தாயற்ற பெண்பிள்ளையையும் அண்டைவீட்டுச் சிறுவனையும் மடியோடு அணைத்துக்கொண்டு அவர் அதனைப் பாடும் காட்சியே அந்நாடகத்தின் இதயமாயிற்று. நாடகம் 501 முறை நடைபெற்றது. 1952ஆம் ஆண்டில் வெளியான திரைப்படத்தில் அக்காட்சியை இன்றும் காணலாம்.

அக்காட்சியிற் பெரனிஸ் எவருக்கும் பணியாளாகத் தோன்றுவதில்லை. பல கணவரை மணந்து, முதற் கணவனின் இழப்பை மறக்கமுடியாது, தன் துயரைச் சுமந்துகொண்டே பிறர் பிள்ளைகளின் துயரையும் ஆற்றும் முதிர்ந்த மனிதப்பிறவியாகவே தோன்றுகிறாள். எழுதியவர் கொடுத்தது ஒரு சமையற்காரி. நடித்தவர் கொடுத்தது அவளுடைய முழு வாழ்வு. பாத்திரத்தின் தொழில் யாது என்பதை மட்டும் கொண்டு கலைஞரை அளத்தல் ஆகாது. அத்தொழிலுக்குப் பின்னால் உள்ள மனிதரைக் காட்டினாரா என்பதே அளவுகோல். இவ்வளவுகோல் 'பியூலா'வைத் தள்ளும்; பெரனிஸை ஏற்கும். வேறு பாத்திரங்களை அவருக்குக் கொடாத அரங்கின் குற்றத்தை அவர்மேற் சுமத்துவதையும் அது தடுக்கும்.

குறைகள் அவரிடத்து இல்லாமலில்லை. உடன் நடிப்போர்பால் ஐயமும் கடுஞ்சினமும் கொள்ளும் இயல்பினர். 1943ஆம் ஆண்டில் வெளியான 'கபின் இன் த ஸ்கை' திரைப்படம் எடுக்கப்பட்ட காலத்தில் உண்டான பூசல்களின் பின், 1949ஆம் ஆண்டுவரை திரையுலகம் அவரை அழைக்கவில்லை. அவ்வாண்டுகளில் அவர் ஆற்றியிருக்கக்கூடிய பணி நமக்குக் கிடைக்காமற் போயிற்று. இழப்பில் அவருக்கும் பங்குண்டு.

1957ஆம் ஆண்டில் நியூ யோர்க்கில் நடந்த பில்லி கிரகாம் அவர்களின் சமயக் கூட்டங்களில் அவர் பாடகர் குழுவிற் சேர்ந்தார். பின்னர் அக்கூட்டங்களிற் பாடுதலையே தம் வாழ்வின் பெரும் பணியாகக் கொண்டார். உலகியற் பாட்டும் தேவாலயப் பாட்டும் தனித்தனி வீடுகளில் வாழவேண்டும் என்று எண்ணிய தலைமுறையைச் சேர்ந்தவர் அவர். அவ்விரண்டையும் கலந்து 1954ஆம் ஆண்டளவில் ரே சாள்ஸ் முதலியோர் பாடத் தொடங்கியதன் பயனாகவே சோல் எனப்படும் இசை பிறந்தது. எதல் வாட்டர்ஸ் சோல் பாடகி அல்லர். ஆயினும் அடுக்களையில் அமர்ந்து, புளூஸ் பாட்டுக்குரிய துயரத்தோடு தேவாலயப் பாட்டைப் பாடிய அந்த ஒரு காட்சியில், அவ்விரு வீடுகளுக்கும் இடையிலிருந்த சுவரை அவர் அறியாமலே நீக்கிவிட்டார் எனலாம்.

1961ஆம் ஆண்டில் 'ரூட் 66' என்னும் தொலைக்காட்சித் தொடரின் ஒரு பகுதியில் அவர் நடித்தார். மரணப் படுக்கையிற் கிடக்கும் முதிய புளூஸ் பாடகி ஒருத்தி, தன்னோடு முன்னாள் வாசித்த குழுவினரை ஒருமுறை காண விழைகிறாள் என்பது கதை. கோல்மன் ஹோக்கின்ஸ், ரோய் எல்ட்ரிஜ், ஜோ ஜோன்ஸ் ஆகிய மெய்யான இசைக்கலைஞர்கள் அதில் அவரோடு தோன்றினர். இந்நடிப்புக்காக 1962ஆம் ஆண்டில் எமி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டார். புளூஸ் பாடகியாய்த் தொடங்கியவர் புளூஸ் பாடகியாகவே நடித்தார். எது பாட்டு, எது நடிப்பு என்று பிரிக்கும் முயற்சி அங்கே பொருளற்றுப் போகிறது.

1977ஆம் ஆண்டு செப்டெம்பர் முதலாம் நாள் அவர் கலிபோர்னியாவிற் காலமானார். இன்று அவரைக் கற்கப் புகுவோர் 1921ஆம் ஆண்டின் இசைத்தட்டையும் 1952ஆம் ஆண்டின் திரைப்படத்தையும் அடுத்தடுத்துக் கேட்டும் கண்டும் ஒப்புநோக்குவாராக. முப்பதாண்டு இடைவெளிக்கு அப்பாலும் சொல்லைப் பொருளோடு நிறுத்திச் சொல்லும் அதே குரலையும், துயரை அடக்கி நிற்கும் அதே முகத்தையும் அவர்கள் காண்பார்கள். விடுதி அறையைத் துடைத்த பெண் பிற்காலத்தில் மேடையில் அடுக்களைப் பெண்ணாக நின்றபோது, அவளுக்கு நாம் தலைவணங்கும்படி செய்தார். அஃது அவருடைய வெற்றி. அப்பெண்ணை அதுவரை காணாதிருந்த கண்களுக்கு அவர் கற்பித்த பாடமும் அதுவே.